லெ மானில் எங்கே நிற்பது, எப்போது தூங்குவது

2025 ஜூனில் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஞ்சள் நிற ஃபெராரி 387 சுற்றுகள் ஓடியது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். தடத்தின் ஓரத்தில் ஓரிடத்தை விட்டு நகராமல் நின்ற ரசிகருக்கு அந்தக் கார் சுற்றுக்கு ஐந்து விநாடி கண்ணில் பட்டிருந்தால், மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக அதைப் பார்த்திருப்பார். மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் அது காட்டுக்குள்ளும், ஊர்களை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையிலும், எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட்டிலும் இருந்தது.

நெடுநேரக் கார் பந்தயத்தை நேரில் பார்க்கக் கிளம்புகிறவர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய முதல் கணக்கு இதுதான். முழுப் பந்தயத்தையும் யாரும் பார்ப்பதில்லை. அணி மேலாளர்கூடத் திரைகளில்தான் பார்க்கிறார். ஆகவே நல்ல இருக்கை எது, டிக்கெட் என்ன விலை என்று தொடங்கும் திட்டம் பாதி வழியில் நின்றுவிடும். எந்த நேரத்தில் எங்கே நிற்பது, எப்போது தூங்குவது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தங்குமிடம், ரயில், சாப்பாடு எல்லாம் அந்த விடைகளைப் பொறுத்தே அமைகின்றன.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததும், இந்த வகைப் பந்தயம் தமிழ்நாட்டில் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அதற்கு முன்பே நம்மவர்களுக்கு இதோடு உறவு உண்டு. சென்னையின் கருண் சந்தோக் 2012-ல் லெ மானில் ஓட்டினார். அங்கே பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அவருடைய கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2009-ல் ஆவ்டி காரில் ஓட்ட அங்கே சென்றிருந்தார். பந்தயம் தொடங்கும் முன் தோள்பட்டை விலகியதால் அவரால் ஓட்ட முடியவில்லை. அணித் தோழர்கள் இருவரே முழு 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு நம்மவர் போனதைப் பற்றி எழுதியிருக்கிறோம். பார்க்கப் போவதைப் பற்றித் தமிழில் எழுதியது குறைவு.

எந்தப் பந்தயம்?

உலகத்தில் 24 மணி நேரப் பந்தயங்கள் பல இருக்கின்றன. எல்லாமே ஒரே அனுபவத்தைத் தருவதில்லை.

பெல்ஜியத்தின் ஸ்பா 1924-லிருந்து நடக்கிறது. ஆர்டென் காட்டுக்குள் ஏறி இறங்கும் 7 கிலோமீட்டர் தடம். சாலைக் கார்களின் பந்தய வடிவமான ஜி.டி.3 வகைக் கார்களே ஓடுகின்றன. தடம் முழுவதையும் நடந்தே சுற்றிவரலாம் என்பது புதியவருக்குப் பெரிய வசதி. எல்லாக் கார்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதால் போட்டி நெருக்கமாக இருக்கும். ஆனால் வேகமான கார் மெதுவான காரைத் தாண்டிக்கொண்டே போகும் அந்தத் தனி அழகு இங்கே குறைவு.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வேறு உலகம். 25 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மலைத் தடத்தில் நூற்றுக்கும் அதிகமான கார்கள் ஓடும். ரசிகர்கள் நாள்கணக்கில் முன்பே வந்து சாரம் கட்டி, அடுப்பு மூட்டிக் குடியேறிவிடுகிறார்கள். அங்கே வானிலையை யாரும் நம்ப முடியாது. 2024-ல் மூடுபனி இறங்கி, பந்தயத்தின் பெரும் பகுதி ஓடாமலே முடிந்தது. கடல் கடந்து ஒரே ஒரு முறை போகிறவர் அந்த அபாயத்தை ஏற்கலாமா என்பதை யோசிக்க வேண்டும். கூடாரம் போட்டுப் பழகியவர்கள், ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள், காரிலேயே போய்விடக் கூடியவர்கள் ஆகியோருக்கு அது சரி.

அமெரிக்காவின் டேடோனா ஜனவரிக் கடைசியில் நடக்கிறது. பார்வையாளர் மாடத்தின் உச்சியில் உட்கார்ந்தால் தடத்தின் பெரும் பகுதி கண்ணுக்குள் அடங்கும். நடக்க முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட வசதியான இடம் இல்லை. குளிர்கால இரவு என்பதால் இருட்டு நீளம். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயம் விடியுமுன் இருட்டில் மலைமேல் தொடங்கிப் பகலில் முடிகிறது. தூக்கத்தை இழக்க விரும்பாதவர்களுக்கு ஏற்றது.

நமக்குப் பக்கத்தில் இரண்டு உண்டு. ஒன்று, 2006-லிருந்து ஜனவரியில் நடக்கும் துபாய் பந்தயம், 5.39 கிலோமீட்டர் தடம், ஊருக்குள்ளேயே இருக்கிறது, அங்கே தங்குவதற்கு உறவினரோ நண்பரோ இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. இன்னொன்று, ஆசிய லெ மான் தொடரின் செப்பாங் பந்தயம். கோலாலம்பூர் விமான நிலையத்தை ஒட்டிய தடம், நான்கு மணி நேர ஓட்டம், சமீப ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. இந்தத் தொடரின் வெற்றியாளர்களுக்கு லெ மானில் ஓட அழைப்பு கிடைக்கும் என்பதால் அங்கே ஓடுகிறவர்கள் விளையாட்டுக்கு ஓடுவதில்லை.

இந்த வகைப் பந்தயம் தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர் செப்பாங் போகட்டும். பிடிக்கும் என்று தெரிந்தவர், ஓராண்டு முன்பே திட்டமிடக் கூடியவர், நேரே லெ மான் போகலாம். முதல் பயணத்திலேயே லெ மானா என்று தயங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயக்கத்துக்குக் காரணம் கூட்டம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நூறு ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தைக் கையாண்டு பழகிய ஊர் அது. டிராம், பேருந்து, கூடாரத் திடல், பெரிய திரை எல்லாமே புதியவர் தடுமாறாத அளவுக்கு அமைந்திருக்கின்றன.

அந்த ஊர், அந்தச் சாலை

மேற்குப் பிரான்ஸின் ஆட்டமொபைல் கிளப் 1923 மே 26, 27 தேதிகளில் முதல் பந்தயத்தை நடத்தியது. யார் வேகம் என்று பார்ப்பதைவிட, சாதாரணக் கார்களின் விளக்கும் எஞ்சினும் ஒரு முழு இரவைத் தாங்குமா என்று பார்ப்பதே நோக்கம். அன்று அதிகத் தூரம் ஓடியவர்கள் லகாஷ், லெயோனார் என்ற இருவர். அவர்கள் கடந்த தூரம் சுமார் 2,209 கிலோமீட்டர். 2010-ல் ஆவ்டி 5,410 கிலோமீட்டர் ஓடி வைத்த சாதனையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கார் என்னும் இயந்திரம் நூற்றாண்டில் கடந்து வந்த தொலைவு தெரியும்.

தடத்தின் பெரும் பகுதி இன்றும் பொதுச் சாலை. ஊனோதியேர் எனப்படும் ஆறு கிலோமீட்டர் நேர்சாலை, லெ மானிலிருந்து தூர் நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஆண்டு முழுவதும் அதில் லாரியும் பேருந்தும் போகின்றன. 1988-ல் ஓட்டுநர் ரோஜே டோர்ஷி அங்கே மணிக்கு 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அதன் பிறகு, 1990-ல், வேகத்தைக் குறைக்க இரண்டு இடங்களில் வளைவு வைத்தார்கள். பந்தய நேரத்தில் இந்தச் சாலையோரத்தில் ரசிகர்கள் நிற்க அனுமதி இல்லை. அங்கே நின்று பார்க்கலாம் என்று நம்பிப் புதியவர்கள் ஏமாற வேண்டாம். பந்தயம் முடிந்து தடுப்புகளை எடுத்தபின் வாடகைக் காரிலேயே அந்தச் சாலையில் போகலாம். மரங்களும் வீடுகளும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்தபிறகுதான் இரவில் அங்கே ஓட்டுகிறவர்கள்மேல் உண்மையான மரியாதை வரும்.

1955-ஐச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேசக் கூடாது. அந்த ஆண்டு ஜூன் 11 மாலை, பியேர் லெவேயின் மெர்சிடஸ் இன்னொரு காரில் மோதிப் பறந்து, பிரதான மாடத்தின் முன் நின்ற கூட்டத்துக்குள் சிதறி விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். லெவேயும் இறந்தார். கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பினால் ஆம்புலன்ஸ் போக வழி இருக்காது என்று பந்தயத்தை நிறுத்தவில்லை என்பது அமைப்பாளர்கள் சொன்ன காரணம். இன்று நீங்கள் நிற்கும் மண்மேட்டுக்கும் தடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், சரளைப் பரப்பு, இரட்டை வேலி எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மாலை இருக்கிறது. படம் எடுக்க வேலியைத் தடையாக நினைத்து ஏறிக் குதிக்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஓராண்டு முன்பு

போட்டி வழக்கமாக ஜூன் நடுவில், சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். டிக்கெட் விற்பனை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்துவிடுகிறது. சமீப ஆண்டுகளில் பல மாதங்கள் முன்பே விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஜனவரியில் யோசிக்கத் தொடங்கி ஏப்ரலில் வாங்கலாம் என்ற கணக்கு செல்லாது. அமைப்பாளர்களான கிளப்பின் சொந்த விற்பனைத் தளத்தில் வாங்குவதே பாதுகாப்பு. இடைத்தரகர்கள் விலையை ஏற்றி விற்கிறார்கள்.

டிக்கெட்டில் அடிப்படை, பொது நுழைவு. தடத்தின் பல பக்கங்களில் மண்மேடுகளில் நின்றும் உட்கார்ந்தும் பார்க்க அது போதும். மாடத்து இருக்கை, கூடாரத் திடல், கார் நிறுத்துமிடம் எல்லாம் தனித்தனி. முதல் முறை போகிறவருக்கு மாட இருக்கை அவசியமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. என் தீர்ப்பு: வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் அவசியம். மழைக்கு ஒதுங்கவும், கால் நீட்டவும், கூட்டத்தில் பிரிந்தவர்கள் மீண்டும் சந்திக்கவும் ஓர் இடம் வேண்டும். இளைஞர்கள் தனியாகப் போனால் அந்தப் பணத்தை இன்னொரு நாள் தங்குவதற்குச் செலவழிக்கலாம்.

தொடக்கத்தைப் பார்க்கவாவது மாடம் வேண்டாமா என்று கேட்பார்கள். முன்பு வேண்டியிருந்தது. ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து ஓடி வந்து எதிர்ப்பக்கம் நிற்கும் காரில் தாவி ஏறிக் கிளம்புவார்கள். உலகமே அறிந்த காட்சி அது. அவசரத்தில் பெல்ட்டைச் சரியாகப் பூட்டாமல் கிளம்புவதைக் கண்டித்து, 1969-ல் ஜாக்கி இக்ஸ் ஓடாமல் நடந்தே தன் காருக்குப் போனார். கடைசி ஆளாகக் கிளம்பிய அவரும் ஜாக்கி ஆலிவரும்தான் அந்தப் பந்தயத்தை வென்றார்கள், ஏறத்தாழ 120 மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த ஆண்டே அந்த ஓட்டம் ஒழிந்தது. 1971-லிருந்து கார்கள் மெதுவாக ஒரு சுற்று வந்து, ஓடிக்கொண்டே பந்தயத்தைத் தொடங்குகின்றன. அதைப் பிட்டைத் தாண்டியதும் வரும் டன்லப் மேட்டில் நின்று பார்ப்பது மாடத்தில் பார்ப்பதைவிடச் சிறப்பு. அறுபது கார்களும் ஒன்றாக மேடேறி வருவது அங்கேதான் தெரியும்.

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜூன் என்பது கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுப்பகுதி. ஆகவே விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே சிரமம். பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். பந்தய டிக்கெட்டை விண்ணப்பத்தோடு வைத்தால் பயணத்தின் நோக்கம் எளிதில் விளங்கும்.

தங்குமிடம்தான் உண்மையான சிக்கல். லெ மான் பெரிய நகரம் இல்லை. அந்த வாரத்தில் விடுதிகள் ஓராண்டு முன்பே நிறைகின்றன, வாடகையும் பல மடங்கு ஏறுகிறது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவது நீண்ட வழக்கம். கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதவர்கள் ஆன்ஜேயிலோ தூரிலோ தங்கி ரயிலில் வரலாம். பாரிஸிலேயே தங்கி மான்பர்னாஸ் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. பிடித்தால் ஒரு மணி நேரம்தான். ஆனால் வெளியூரில் தங்குகிறவருக்கு இரவு போய்விடும். கடைசி ரயிலுக்கு ஓட வேண்டும், அல்லது விடியும்வரை தடத்திலேயே இருக்க வேண்டும். இரவை இழந்தவர் லெ மானைப் பார்த்ததாக நான் எண்ண மாட்டேன். ஆகவே வெளியூரில் அறை எடுத்தாலும், சனி இரவுக்கு மட்டுமாவது கூடாரத் திடலில் ஓர் இடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு கூடாரம், தூங்கு பை, தரையில் விரிக்க ஒரு பாய் போதும்.

லெ மான் ரயில் நிலையத்திலிருந்து டிராமின் முதல் தடத்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் பந்தயத் தடத்தின் வாசலுக்கு அருகே. காரில் வருவதைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி. பொதுச் சாலைகள் மூடப்படுவதால் காரில் வந்தவர்கள் அந்தந்த வாசலைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே வாருங்கள்

சனிக்கிழமை காலை வந்து இறங்குவது பலர் செய்யும் தவறான சிக்கனம். பந்தயத்துக்கு முந்தைய வார இறுதியில் கார்களைப் பரிசோதிக்கும் பெசாஜ் என்னும் சடங்கு, ஊர் நடுவே ரிபப்ளிக் சதுக்கத்தில் பொதுமக்கள் முன்னால் நடக்கிறது. காரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். புதன், வியாழன் இரவுகளில் பயிற்சி ஓட்டம் உண்டு. அன்று கூட்டம் குறைவு; எந்த மேட்டிலும் இடம் கிடைக்கும். தடத்தின் வழிகளையும் படிகளையும் கழிவறைகளையும் அன்றே தெரிந்துவைத்துக்கொண்டால் சனி இரவு இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. வெள்ளி மாலை ஓட்டுநர்கள் பழைய கார்களில் அமர்ந்து ஊர்வலம் வருகிறார்கள். ஊரே தெருவில் நிற்கும். தடத்து வாசலில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் இந்த நாள்களில்தான் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் எங்கே

தடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். போர்ஷே வளைவுகளிலிருந்து பிட், டன்லப் மேடு வழியாகத் தெர்த்ர் ரூஜ் வரை ஒரு பகுதி. இங்கே நடந்து போகலாம். முல்சான், இண்டியானாபோலிஸ், ஆர்னாஜ் மூலைகள் இன்னொரு பகுதி. இங்கே பேருந்தில்தான் போக வேண்டும். பேருந்து எத்தனை மணி வரை ஓடும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தை டன்லப் மேட்டில் பார்த்துவிட்டு, முதல் இரண்டு மணி நேரம் கீழே காட்டு வளைவுகள் வழியாக மெல்லத் தெர்த்ர் ரூஜுக்கு நடங்கள். நேர்சாலைக்குள் கார் பாயும் வாசல் அது. ஓட்டுநர் எவ்வளவு சீக்கிரம் முழு வேகம் கொடுக்கிறார் என்பதைக் காதாலேயே ஒப்பிடலாம். அடுத்த ஆறு கிலோமீட்டருக்கும் அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும் என்பதால் திறமை பளிச்சென்று தெரியும் இடம் இது. அவசரப்பட வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் பந்தயம் முடிவாவதில்லை. அணிகள் காரைக் கெடுக்காமல் இரவுக்குள் கொண்டுபோவதையே பார்க்கின்றன.

இரவு 10 மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். அதற்குச் சற்று முன்னால் ஆர்னாஜுக்குப் போய்விட வேண்டும். என்னைக் கேட்டால், ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுதான். காட்டுக்குள்ளிருந்து மிகுந்த வேகத்தில் வந்து, இண்டியானாபோலிஸில் சாய்ந்து திரும்பி, உடனே தடத்தின் மிக மெதுவான மூலையில் நின்றாற்போல் வளைய வேண்டும். பிரேக் தட்டுகள் சக்கரத்துக்குள் செக்கச்சிவந்து ஒளிர்வது கண்ணுக்கு நேரே தெரியும். வேலிக்கும் காருக்கும் தூரம் குறைவு. வேகத்தில் வேறுபட்ட மூன்று வகைக் கார்களும் ஒன்றையொன்று தாண்டும் நெருக்கடியும் இங்கே அதிகம். இருட்டில் கார்களை அடையாளம் காணக் கண்ணைவிடக் காது உதவும். 2025-ல் வந்த ஆஸ்டன் மார்ட்டினின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் கீச்சென்று உயர்ந்து ஒலித்தது; காடிலாக் அடிவயிற்றிலிருந்து உறுமும்; ஃபெராரி, டொயோட்டா, பெஜோ ஆகியவற்றின் டர்போ எஞ்சின்கள் அடங்கிய குரலில் போகும். ஒரு மணி நேரம் நின்றால் போதும், பார்க்காமலேயே பெயர் சொல்ல முடியும்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியிலிருந்து நாலரை வரை தூங்குங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பது வீரம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு, பந்தயம் சூடுபிடிக்கும் நேரத்தில், புல்லில் சுருண்டு கிடப்பார்கள். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நடுவில் கண்ணயர்ந்து, உச்சக் காட்சிக்கு எழுந்து உட்கார்ந்தவரே முழுக் கூத்தையும் பார்த்தவர். 2024-ல் இரவு மழை கொட்டி, வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னே ஓடும் சேஃப்டி காருக்குப் பின்னால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக எல்லாக் கார்களும் வரிசையாக ஊர்ந்தன. அப்போது தூங்கப் போனவர்கள் எதையும் இழக்கவில்லை. ஆகவே நான் சொன்ன மணிக்கணக்கைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். மழை வந்தால் தூக்கத்தை அங்கே நகர்த்துங்கள்.

சூரியன் ஆறு மணிக்கு எழும். ஐந்தரைக்கு போர்ஷே வளைவுகளில் நிற்க வேண்டும். இரவெல்லாம் ஓடிய கார்களின் முகப்பில் பூச்சியும் எண்ணெயும் ரப்பர்த் துகளும் அப்பிக் கிடக்கும். ஒட்டிய நாடாக்கள் எந்தக் கார் எங்கே அடிபட்டது என்று சொல்லும். களைத்த ஓட்டுநர்கள் தவறு செய்யும் நேரமும் இதுவே. ஞாயிறு நண்பகலுக்குள் மெதுவாகப் பிட் பக்கம் வந்துவிடுங்கள். கடைசி மூன்று மணி நேரத்தை பிட்டுக்கு எதிரில் கழிப்பது நல்லது. முடிவு அங்கேதான் நடக்கும்.

பந்தயத்தை வாசிப்பது

2025-ல் மூன்று வகைகளில் 62 கார்கள் ஓடின: மிக வேகமான ஹைப்பர்கார் 21, அதற்கு அடுத்த வேகத்தில் ஓடும் எல்.எம்.பி.2 17, ஜி.டி.3 கார்கள் ஓடும் எல்.எம்.ஜி.டி.3 24. ஒவ்வொரு வகைக்கும் தனி வெற்றியாளர். ஹைப்பர்கார் ஒரு சுற்றை மூன்றரை நிமிடத்தில் முடிக்கும், ஜி.டி.3 காருக்கு நான்கு நிமிடத்தை ஒட்டி ஆகும். ஆகவே வேகமான கார் சில சுற்றுகளுக்கு ஒரு முறை மெதுவான ஒவ்வொன்றையும் தாண்டியாக வேண்டும். பந்தயத்தின் பெரும் ஆபத்தும் பெரும் கலையும் இந்தத் தாண்டலில்தான் இருக்கின்றன.

ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். யாரும் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது; ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேலும் கூடாது. இந்த விதிகள் இல்லாத காலத்தில், 1952-ல், அதே பியேர் லெவே தன் கூட்டாளியிடம் காரைக் கொடுக்காமல் ஏறத்தாழ 23 மணி நேரம் தனியாக ஓட்டி, வெற்றிக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் எஞ்சின் உடைந்து நின்றார்.

ஹைப்பர்கார் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பிட்டுக்கு வரும். முதலில் எரிபொருள், அது முடிந்தபின்தான் டயர் மாற்ற வேண்டும். எந்த அணி டயரை மாற்றாமல் அதே டயரோடு கிளம்புகிறது என்று கவனித்தால், அதன் திட்டம் உங்களுக்குப் புரியத் தொடங்கும். திரையில் முதலிடத்தில் இருக்கும் கார் உண்மையில் முதலிடத்தில் இல்லாமல், அடுத்த பிட்டுக்குக் கடன்பட்டிருக்கலாம். ஒவ்வொரு மணி நேர முடிவிலும் முதல் ஐந்து கார்களையும், அவை எத்தனை முறை பிட்டுக்கு வந்தன என்பதையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். கைப்பேசியை நம்ப வேண்டாம். மூன்று லட்சம் பேர் ஒரே இடத்தில் இருக்கையில் இணையம் படுத்துவிடும். கார்களின் படங்கள் நிறைந்த ஸ்பாட்டர் கைடு ஒன்றை முன்பே அச்சடித்து எடுத்துப் போங்கள். சிறிய பண்பலை ரேடியோவும் வேண்டும். ரேடியோ லெ மான் என்ற ஆங்கில வர்ணனை 91.2 அலைவரிசையில் பல ஆண்டுகளாக ஒலித்து வருகிறது. ஒலிபெருக்கியில் பிரெஞ்சு மட்டுமே கேட்கும் இடங்களில் அதுவே துணை.

போவதற்கு முந்தைய ஆண்டு வீட்டிலிருந்தே ஒரு முறை முழுமையாகப் பாருங்கள். நம் நேரப்படி சனி இரவு 7.30-க்குத் தொடங்கி ஞாயிறு இரவு 7.30-க்கு முடியும். உடல் எந்த மணிக்குச் சோர்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

உடம்பும் சாப்பாடும்

காதடைப்பான் இல்லாமல் போகக் கூடாது. குழந்தைகளுக்குக் காதை முழுதும் மூடும் வகை வேண்டும். ஜூன் என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் நடுங்குகிறார்கள். குடை பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுங்கள். மண்மேடுகள் மழையில் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி வேண்டும். நாளுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரும். இரண்டு மாதம் முன்பிருந்தே நடந்து பழகுங்கள்.

சைவர்களுக்குத் தடத்தில் உருளை வறுவலும் கிரெப்பும் தவிர அதிகம் கிடைக்காது. இறைச்சித் துண்டும் தொத்திறைச்சியும்தான் எங்கும். பாரிஸில் இறங்குகிறவர்கள் வட ரயில் நிலையத்துக்கு அருகே லாச்சப்பலில் ஈழத்தமிழர் கடைகளில் இரண்டு நாளுக்குத் தாங்கும் உணவை வாங்கிக்கொண்டு மான்பர்னாஸுக்குப் போகலாம்.

நான்கு மணி வரை

2016-ல் பந்தயம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் முதலிடத்தில் ஓடிய டொயோட்டா வலுவிழந்து, மாடங்களின் எதிரிலேயே நின்றுபோனது. போர்ஷே வென்றது. 2021-ல் எல்.எம்.பி.2 பிரிவில் முதலிடத்தில் இருந்த கார் கடைசிச் சுற்றில் நின்றது. அந்தக் காரின் மூவரில் இருவர் ராபர்ட் குபிட்சாவும் யே யிஃபேயும். அதே இருவர் 2025-ல் ஃபில் ஹான்சனுடன் சேர்ந்து, தொழிற்சாலை அணிகளைத் தாண்டி, தனியார் அணியின் அந்த மஞ்சள் ஃபெராரியில் ஒட்டுமொத்தப் பந்தயத்தையும் வென்றார்கள். ராலி விபத்தில் வலக் கை நொறுங்கி, இனி ஓட்டவே முடியாது என்று பலர் கருதியவர் குபிட்சா. 2024-லும் 2025-லும் முதல் இரண்டு கார்களுக்கு இடையே இருந்த இடைவெளி 15 விநாடிக்கும் குறைவு.

ஆனாலும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கே டிராம் நிறுத்தத்தை நோக்கி நடக்கும் கூட்டம் ஒன்று உண்டு. மாலை ரயிலோ இரவு விமானமோ அவர்களை இழுக்கிறது. பந்தயம் முடிந்ததும் வாசல்களைத் திறந்துவிட்டு, ரசிகர்கள் தடத்துக்குள்ளேயே இறங்கிப் பரிசு மேடையின் கீழ் நிற்க விடுவார்கள். அதையும் அவர்கள் பார்ப்பதில்லை. திரும்பும் ரயிலைத் திங்கள்கிழமைக்கு முன்பதிவு செய்யுங்கள்.